ஏணியும் சக்கரமும்

சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களுக்குச் சம்பள நாள் என்பது மற்றைய நாட்களைப் போன்றதன்று. கடைக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, வீட்டுக் கடனின் தவணை யாவும் அந்த ஒரு நாளை நோக்கியே வரிசையில் நிற்கின்றன. அந்நாளிற் பணம் வராவிட்டால் என்ன நிகழும் என்பதை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து அரசாங்க வைத்தியசாலை ஊழியர்கள் 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே அறிந்துகொண்டனர். அம்மாதம் 14ஆந் திகதி அம்மாநிலச் சுகாதாரத் திணைக்களம் தனது பழைய சம்பளக் கணக்கு முறையை நிறுத்திப் புதிய மென்பொருளொன்றை இயக்கத் தொடங்கிற்று. வைத்தியர், தாதியர், துப்புரவுத் தொழிலாளர் என ஏறக்குறைய 78,000 பேர் இரு வாரத்திற்கு ஒருமுறை அதன்வழியே சம்பளம் பெற வேண்டியவர்கள். முதற் சம்பளத்திலேயே பலருக்குக் குறைந்த தொகை வந்தது. சிலருக்கு ஒன்றுமே வரவில்லை. வேறு சிலருக்கு உரியதற்கு மேலாக வந்து சேர்ந்தது. மேலாக வந்தது நல்லதுதானே என்று எவரும் எண்ண வேண்டாம்; செலவழிந்துபோன பின்னர் அதனைத் திருப்பித் தருமாறு கடிதம் வரும்பொழுது அதுவும் ஒரு கடனாகவே முடிந்தது.

இக்குழப்பம் ஒரு வாரத்தில் தீரும் குழப்பமாக இருக்கவில்லை. 2013ஆம் ஆண்டில் விசாரணை ஆணைக்குழு ஒன்று இதனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. முதலில் 60 இலட்சம் டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகைக்கு முடிப்பதாகப் பேசிய வேலை அது. அதனைச் சீர்செய்து நடத்துவதற்கு எட்டு ஆண்டுகளில் ஏற்படும் முழுச் செலவோ ஏறக்குறைய 120 கோடி டொலர் என மதிப்பிடப்பட்டது.

மென்பொருள் கெட்டதென்று கூறிவிட்டால் கதை எளிதில் முடிந்துவிடும். ஆனால், அங்கே சம்பளக் கணக்குக்குப் பயன்பட்ட 'சாப்' என்னும் மென்பொருளை உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் நாள்தோறும் பயன்படுத்தி வருகின்றன. பிழை பெரும்பாலும் கருவியில் இருக்கவில்லை. கருவியைக் குடியேற்றிய முறையிலே இருந்தது. அந்த முறையைப் பற்றியே இங்கு எழுதக் கருதினோம். நம் நாட்டு வாசகருக்கு இது தொலைவான செய்தியுமன்று. சுவீடன் நாட்டிலே பிறந்து, இத்தகைய நிறுவன மென்பொருள்களை ஆக்கி விற்கும் ஐ.எப்.எஸ். என்னும் கம்பனி கொழும்பிலே பெரியதோர் ஆக்க நிலையத்தை நடத்துகின்றது. வேறு பல கம்பனிகளிலும் நம் இளைஞரும் யுவதியரும் இதே தொழிலைச் செய்கின்றனர். மகள் 'இம்பிளிமென்ரேஷன்' வேலையில் இருக்கின்றாள் என்று பெருமையுடன் கூறும் பெற்றோரிடம் அஃது யாது வேலை என்று கேட்டால், 'கம்பியூட்டர் வேலை' என்பதற்கு மேல் விடை வருவது அரிது.

நிறுவன மென்பொருள் என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். ஒரு தொழிற்சாலையிலே களஞ்சியத்துக்கு ஒரு பேரேடு, கொள்வனவுக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, கணக்காளருக்கு ஒன்று என்று தனித்தனியே இருந்த காலம் ஒன்றுண்டு. களஞ்சியத்துக்கு நூறு மூடை மூலப்பொருள் வந்தால் அதே செய்தியை நான்கு பேர் நான்கு இடங்களில் எழுதுவர். மாத முடிவில் நான்கும் ஒவ்வாமல் நிற்கும். ஒருமுறை ஓரிடத்தில் எழுதினால் எல்லாப் பேரேடுகளும் தாமாகவே மாறவேண்டும் என்பதே நிறுவன மென்பொருளின் அடிப்படை எண்ணம். ஜேர்மனியிலே ஐ.பி.எம். கம்பனியிலிருந்து விலகிய ஐந்து பொறியியலாளர் 1972ஆம் ஆண்டில் இவ்வெண்ணத்தோடு தொடங்கிய நிறுவனந்தான் 'சாப்'.

எண்ணம் அழகியது. ஆயின் இதிலேதான் இடரும் இருக்கின்றது. எல்லாப் பேரேடுகளும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஓரிடத்துப் பிழை ஓரிடத்தோடு நில்லாது. அன்றியும் புதியதைக் குடியேற்றும்பொழுது பழையதை ஒரு நாளில் நிறுத்தியாக வேண்டும். வீடு மாறுவோர் அடுப்பைப் பழைய வீட்டிலும் பானையைப் புதிய வீட்டிலும் வைத்துப் பல நாள் சமைத்தல் இயலாதன்றோ?

இத்தகைய வேலையை நடத்துவதற்கு இருவகை முறைகள் வழக்கில் உள்ளன. ஒன்றை ஏணி முறை என்று நாம் அழைப்போம். ஆங்கிலத்திலே அதற்கு நீர்வீழ்ச்சியின் பெயரை வைத்திருக்கின்றனர். தேவை அனைத்தையும் முதலில் எழுதி, கையொப்பம் பெற்று, பின் வரைபடம், பின் ஆக்கம், பின் பரிசோதனை, ஈற்றில் குடிபுகல் என்று ஒவ்வொரு படியாக ஏறுவது இம்முறை. ஒரு படியை முடிக்காமல் அடுத்த படியில் காலை வைத்தலாகாது. வீடு கட்டுவோர் அறிந்த முறையே இது. அத்திவாரம் இறுகுமுன் மேசன் சுவர் எழுப்பான்; சுவர் எழும்புமுன் ஓடாவி கூரை மரம் ஏற்றான்.

இம்முறையின் தந்தை என்று பலரும் கூறும் வின்ஸ்டன் ரோய்ஸ் என்பார் 1970ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இப்படிகளைப் படமாக வரைந்து காட்டினார். ஆனால், படிகளில் இவ்வாறு ஒரேமுறை இறங்கிச் செல்வது ஆபத்தானது, தோல்வியை அழைப்பது என்று அதே கட்டுரையில் அவரே எழுதியிருக்கின்றார். முன்னர் எவரும் செய்யாத வேலையாயின் சிறிய அளவில் ஒருமுறை செய்துபார்த்து, அதன் பின்னரே உண்மையானதைச் செய்க என்பதும் அவர் கூறிய யோசனைகளில் ஒன்று. படத்தைப் பார்த்தவர் பலர். அதைச் சுற்றியிருந்த எழுத்தைப் படித்தவர் சிலர் போலும்!

மற்றையதைச் சக்கர முறை எனலாம். 2001ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே ஸ்னோபேர்ட் என்னும் பனிமலை விடுதியில் மென்பொருள் வல்லுநர் 17 பேர் கூடிச் சிறியதொரு பிரகடனத்தை வெளியிட்டனர். தடித்த ஆவணங்களைக் காட்டிலும் இயங்கும் மென்பொருளே மேல், திட்டத்தைப் பின்பற்றுவதைக் காட்டிலும் மாற்றத்துக்கு இசைவதே மேல் என்பன அதன் கருத்துக்களிற் சில. 'எஜைல்' என்னும் பெயர் அங்கேதான் நிலைபெற்றது. இதன் வகைகளுள் ஒன்றான 'ஸ்க்ரம்' என்பது றக்பி விளையாட்டிலிருந்து வந்த பெயர். ஜப்பானிய அறிஞர் தாக்கேயுச்சி, நொனாக்கா இருவரும் 1986ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் அவ்விளையாட்டை உவமையாக எடுத்தாண்டனர். இம்முறையிலே வேலை சிறு சிறு சுற்றுக்களாகப் பிரிக்கப்படுகின்றது. இரண்டு வாரமோ நான்கு வாரமோ ஒரு சுற்று. சுற்று முடியும்பொழுது ஏதாவது ஒரு பகுதி இயங்கவேண்டும். அதைப் பயன்படுத்தப் போகின்றவரை அழைத்துக் காட்டவேண்டும். அவர் கூறும் குறையை அடுத்த சுற்றில் தீர்க்கவேண்டும். கறியைக் கொதிக்க வைத்து, உப்புப் பார்த்து, மேலும் கொதிக்க வைக்கும் சமையற்காரியின் முறை இது.

நிறுவன மென்பொருளுக்கு இவற்றுள் எது ஏற்றது? தனியே எதுவும் போதாது என்பதைக் குயின்ஸ்லாந்துச் சம்பளப் பட்டியலே காட்டுகின்றது. அங்கே ஊழியரின் சம்பளத்தை 13 தொழிற் தீர்ப்புக்களும் அவற்றோடு பல உடன்படிக்கைகளும் நிருணயித்தன. 200க்கு மேற்பட்ட கொடுப்பனவுகள் இருந்தன. இவற்றைக் கூட்டியும் பெருக்கியும் பார்த்தபொழுது, ஒருவருடைய சம்பளத்தைக் கணிக்கும் வழி 24,000க்கு மேற்பட்ட வகைகளாக விரிந்தது என்று கணக்காய்வுத் தலைவர் கண்டறிந்தார். ஒரு தாதி இராக்கடமைக்கு வருகின்றார். நள்ளிரவோடு விடுமுறை நாள் பிறக்கின்றது. விடியற்காலையில் மாற்றுத் தாதி வராமையால் மேலதிகமாக இரண்டு மணி நேரம் நிற்கின்றார். அவருக்குரிய தொகை யாது? இதனை ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, கடதாசியில் முன்கூட்டியே முழுவதும் எழுதிவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. சம்பளப் பகுதி இலிகிதரிடம் இயங்கும் கணக்கைக் காட்டி, "இஃது அப்படியன்று, இந்த வைத்தியசாலையில் வேறு வழக்கம்" என்று அவர் சொல்லக் கேட்டுத் திருத்துவதே வழி. இங்கே சக்கரம் வேண்டும்.

ஆனால், சம்பள நாள் சக்கரத்தை அறியாது. "இந்தச் சுற்றில் வைத்தியருக்கு மட்டும் சம்பளம், தாதியருக்கு அடுத்த சுற்றில்" என்று கூற இயலுமா? 78,000 பேருக்கும் முதல் நாளே முழுத் தொகை சரியாகச் செல்லவேண்டும். எது முடிந்தாற் பழையதை நிறுத்தலாம், எது முடியாவிட்டால் நிறுத்தலாகாது என்ற எல்லைக்கோடு முன்னரே வரையப்பட்டிருத்தல் வேண்டும். இங்கே ஏணி வேண்டும்.

குயின்ஸ்லாந்தில் நடந்தது யாதெனில், இரண்டு முறைகளிலும் உள்ள நன்மையை விட்டுத் தீமையை மட்டும் சேர்த்துக்கொண்டமையே என்பது நமது துணிபு. பழைய சம்பள முறைக்கு 2008ஆம் ஆண்டு நடுப்பகுதியின் பின் ஆதரவு தருவதற்கு அதனை விற்ற கம்பனி உடன்படவில்லை. ஆகவே அவசரம். 2007ஆம் ஆண்டின் இறுதியில் ஐ.பி.எம். கம்பனியுடன் ஒப்பந்தமாயிற்று. தேவைகளை ஆராயும் வேலை மிகக் குறுகிய காலத்தில், போதிய அளவு ஆழம் இன்றி முடிக்கப்பட்டது. ஏணியின் முதற்படியே உளுத்தது. இதன் விளைவாக, பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றக் கோரிக்கைகள் எழுந்தன. விலையும் நாளும் வளர்ந்தன. சக்கர முறையில் மாற்றம் இயல்பானது, வரவேற்கத்தக்கது; இங்கோ ஒவ்வொரு மாற்றமும் "இஃது ஒப்பந்தத்தில் உண்டா, இல்லையா?" என்ற வழக்காகவே மாறிற்று. குறித்த நாள் பன்முறை தள்ளிப்போயிற்று. பரிசோதனைக் கட்டத்திலே குறைகள் பெருகியபொழுது, குறைகளைத் தீர்ப்பதற்குப் பதிலாகச் சில குறைகளின் கடுமை குறைத்து வகுக்கப்பட்டது. தாண்ட முடியாத வாயிலின் உயரத்தைத் தணித்துவிட்டுத் தாண்டிச் சென்றனர். ஏணியில் ஏறுவோர் செய்யத்தகாத காரியம் இஃதொன்றே.

இன்னுமொன்று உண்டு. பழைய முறையையும் புதிய முறையையும் ஒரே சம்பளக் காலத்துக்கு அருகருகே ஓடவிட்டு, 78,000 பேரின் தொகைகளையும் ஒப்புநோக்கும் இணையோட்டம் முழு அளவிற் செய்யப்படவில்லை. அதே வேளையில் சம்பளப் பகுதிகளின் அமைப்பும் மாற்றப்பட்டது. ஒவ்வொரு வைத்தியசாலையோடும் சேர்ந்திருந்து, எந்த வார்ட்டில் யார் எப்பொழுது நிற்பார் என்று அறிந்திருந்த இலிகிதரின் வேலை, பல வைத்தியசாலைகளுக்குப் பொதுவான நிலையங்களுக்குச் சென்றது. பிழை நேர்ந்தபின் ஊழியர் யாரிடம் முறையிடுவது? முன்னர் கதவைத் தட்டினால் விடை கிடைத்தது. இப்பொழுது தொலைபேசி மணி மட்டும் ஒலித்தது. சம்பளக் கணக்குகளைக் கையாற் சரிசெய்வதற்கென்றே ஏராளமானோரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. பொறுப்பு அரசினதா, கம்பனியினதா என்ற வழக்கினுள் நாம் புக விரும்பவில்லை. ஆணைக்குழு இரு பக்கத்தையும் கண்டித்தது என்பதோடு நிற்போம்.

ஆயின் இரண்டையும் நன்றாக இணைப்பது எவ்வாறு? இதற்குச் சூத்திரம் ஒன்றுண்டென்று கூறிப் புத்தகம் விற்போர் பலர். ஏணியின் தொடக்கத்தையும் முடிவையும் வைத்துக்கொண்டு நடுவிலே சக்கரத்தைச் செருகிவிட்டு, புதுமை செய்துவிட்டோம் என்று மகிழும் கம்பனிகளை ஆங்கிலத்தில் 'வோட்டர்-ஸ்க்ரம்-போல்' என்று கேலி செய்வதும் உண்டு. கேலி ஒருபுறமிருக்க, நடுவில் வைப்பதா ஓரத்தில் வைப்பதா என்பது உண்மையான கேள்வியன்று. வேலையின் ஒவ்வொரு பகுதியையும் எடுத்து, "இதிலே பிழை நேர்ந்தால் நாளைக்கு மாற்றலாமா?" என்று கேட்பதே வழி. திரையில் ஒரு கட்டம் எங்கே இருக்கவேண்டும், களஞ்சியப் பொறுப்பாளருக்கு எந்த அறிக்கை எந்த வடிவில் வேண்டும், கொள்வனவுக்கு யார் யார் அனுமதி தரவேண்டும் என்பனவெல்லாம் நாளைக்கும் மாற்றத்தக்கவை. இவற்றைச் சுற்றுச் சுற்றாகக் காட்டித் திருத்துக. பழைய கணக்கின் மீதிகளைப் புதியதற்கு மாற்றுதல், ஊழியரின் சம்பளம், வரிக் கணக்கு, பழையதை நிறுத்தும் நாள் என்பன மாற்ற இயலாதவை. மாற்றினாலும் பெருஞ் சேதத்தோடு மாற்றவேண்டியவை. இவற்றுக்கு ஏணி வைத்து, ஒவ்வொரு படியிலும் வாயில் அமைத்து, வாயிலின் சாவியை வேலையை விரைவில் முடிக்க விரும்புவோர் கையிற் கொடாதிருக்க வேண்டும்.

'சாப்' நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அக்டிவேற்' என்னும் வழிமுறையும் இத்தகைய கலப்பே. வெளியே பார்த்தால் ஆறு கட்டங்கள் கொண்ட ஏணி. உள்ளே, ஆக்கும் கட்டத்தில், சிறு சுற்றுக்கள் சுழல்கின்றன. அதற்கு முந்திய கட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று வெறுங் கடதாசியோடு கேளாமல், இயங்கும் மாதிரியொன்றை ஊழியர் முன் வைத்து, "இஃது உங்களுக்குப் பொருந்துகின்றதா? எங்கே பொருந்தவில்லை?" என்று கேட்கின்றனர். புடைவைக் கடையிலே சேலை எப்படி வேண்டும் என்று சொல்லத் தெரியாது திகைப்பவரும், ஒன்றை விரித்துக் காட்டியதும் கரையின் நிறத்திலிருந்து குறை சொல்லத் தொடங்கிவிடுவர். மனித இயல்பு அது. அதனை அறிந்து அமைத்த ஏற்பாடு இது.

இவ்விடத்திற் பழைய தரவுகளைப் பற்றியும் ஒரு சொல். இருபது ஆண்டுக் கணக்குகளில் இறந்துபோன வாடிக்கையாளரும், மூன்று விதமாக எழுத்துக்கூட்டிய ஒரே கம்பனியும், எக்காலத்திலும் திரும்பி வராத கடனும் இருக்கும். வீடு மாறும்பொழுது பழைய போத்தலையும் உடைந்த கதிரையையும் கட்டி ஏற்றுவோரைப் போல, இவற்றையும் அப்படியே புதிய மென்பொருளுக்குள் ஏற்றுவாருண்டு. துப்புரவாக்கும் இவ்வேலை கவர்ச்சியற்றது, எவரும் பாராட்டார், ஆகவே எப்பொழுதும் பிந்தித் தொடங்குகின்றது. திட்டத்தின் முதல் மாதத்திலேயே தொடங்கி, குடிபுகுமுன் இரண்டு மூன்று தடவையாவது ஒத்திகையாக மாற்றிப் பார்க்கவேண்டிய வேலை இது.

நாளைக் குறிப்பதும் தனியான கலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து ஹேர்ஷி சொக்கலேற்றுக் கம்பனியின் அனுபவம் இதற்குப் பேர்பெற்றது. 1990களின் பிற்பகுதியில் அக்கம்பனி ஏறக்குறைய 11 கோடி 20 இலட்சம் டொலர் செலவில் 'சாப்' உட்பட மூன்று கம்பனிகளின் மென்பொருள்களை ஒருங்கே குடியேற்ற முனைந்தது. 48 மாதம் வேண்டும் என்று கூறப்பட்ட வேலை, 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலுக்கு முந்திக்கொள்ளும் நோக்குடன் 30 மாதமாகச் சுருக்கப்பட்டது. வியாபாரம் மந்தமாக இருக்கும் 1999 ஏப்பிரலில் மாறுவதே முதல் எண்ணம். வேலை பிந்தியமையால் ஜூலை மாதத்துக்குத் தள்ளினர். ஜூலை எத்தகைய மாதம்? ஒக்டோபர் இறுதியில் வரும் ஹலோவீன் பண்டிகைக்காகக் கடைகள் இனிப்புக்களுக்குக் கட்டளை அனுப்பத் தொடங்கும் மாதம். முகூர்த்தத்தை மாற்றியவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்க்க மறந்தனர்.

அவ்வாண்டு களஞ்சியத்திலே சொக்கலேற்று இருந்தது. கடைகளிலிருந்து கட்டளையும் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்க முடியவில்லை. நெருக்கடிக் காலத்தில் மிகுதிச் சரக்கை ஊழியர் வழக்கமாக அடுக்கிவைக்கும் சில இடங்கள் புதிய மென்பொருளிற் பதியப்படவில்லை என்பது பின்னர் வெளிவந்த காரணங்களுள் ஒன்று. அவ்விடங்களை அறிந்தவர் தலைமைக் கந்தோர் அதிகாரிகளல்லர், களஞ்சியத் தொழிலாளரே. அவர்களை ஒருமுறை திரைக்கு முன் அமர்த்திக் காட்டியிருந்தால் ஒரு பிற்பகலில் அது தெரியவந்திருக்கும். அவ்வாறின்றி 10 கோடி டொலர் பெறுமதியான கட்டளைகளை நிறைவேற்ற முடியாது போயிற்று. அந்தக் காலாண்டின் இலாபம் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 19 சதவீதம் வீழ்ந்தது.

அக்கம்பனி அந்த மென்பொருளைத் தூக்கி எறியவில்லை. அடுத்த பதிப்புக்கு மாறும் வேலையை மீண்டும் எடுத்துக்கொண்டது. இம்முறை பரிசோதனைக்கு உரிய காலத்தை ஒதுக்கினர். முன்னர் குடியேற்றிய மூன்றையும் மறுபடி ஒருங்கே கிளறவில்லை. 11 மாதத்தில், ஒதுக்கிய பணத்துக்கு 20 சதவீதம் குறைவாக வேலை முடிந்தது. அது முடிந்த மாதம் 2002ஆம் ஆண்டு மே. ஹலோவீன் கட்டளைகள் வந்துசேர அப்பொழுது இன்னும் பல வாரங்கள் இருந்தன.